நிரூபனுக்கு விழவேண்டிய அடி

நிரூபன் பனி ஹொக்கி விளையாடிச் சம்பளம் வாங்கத் தொடங்கிய முதல் ஆட்டத்தில், அவனுடைய இடது கணுக்காலில் விழுந்திருக்க வேண்டிய அடி, உலகத்தின் மறுபக்கத்தில், யாழ்ப்பாணக் கரையோரத்துக் கள்ளியந்துறையில், விடியப்புறம் கிணற்றடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த கனகேஸ்வரி ரீச்சரின் இடது கணுக்காலில் விழுந்தது. ரீச்சர் வாளியோடு சரிந்தார். ஓடிவந்து தூக்கியவர்கள் பார்த்தபோது, கணுக்காலில் பருத்தித்துறை வடை அளவுக்கு ஒரு வட்டம், ஊதா நிறத்தில், அச்சுப் போட்டதுபோலப் பதிந்திருந்தது. யாரும் பெரிதாகத் திகைக்கவில்லை. அந்த ஊரின் மேல் விழுந்த எதுவும் அந்த ஊரைக் கேட்டுக்கொண்டு விழுந்ததில்லை; ஷெல் விழுந்திருக்கிறது, விமானக் குண்டு விழுந்திருக்கிறது, எல்லாம் முடிந்தது என்று அறிவித்த துண்டுப் பிரசுரங்களும் விழுந்திருக்கின்றன. இதுவும் ஏதோ விழுந்திருக்கிறது என்று சொல்லி நல்லெண்ணெய் பூசிக் கட்டுப் போட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் பாரிஸில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் ஜெயசோதிக்கு விலாவில் விழுந்தது. அதற்கடுத்ததில் லண்டனில் பெற்றோல் நிலையத்தில் நின்ற ஒருவனுக்கு முழங்கையில், ஒஸ்லோவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்த களைப்பில் படுத்திருந்த ஒருத்திக்குத் தோளில். கள்ளியந்துறையார் எங்கெங்கு சிதறிக் கிடந்தார்களோ அங்கெல்லாம் விழுந்தது, கள்ளியந்துறையார் அல்லாத ஒருவருக்கும் விழவில்லை. ஊரின் வாட்சப் குழுவில் ஆளாளுக்குக் காயத்தைப் படம் பிடித்துப் போட, ரொறன்ரோவில் இருந்த ஊர்ச் சங்கத் தலைவர் குலவீரசிங்கம் ஒருநாள் ஆட்டத்தை ரீவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, நிரூபனின் நெஞ்சில் பந்து போல் வந்து மோதிய அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, பக் என்று சொல்கிறார்களே அதை, அவன் தூசி தட்டுவதுபோலத் தட்டிவிட்டு எழும்பிப் போனதையும், அதே நொடியில் குழுவில் யாரோ "ஐயோ நெஞ்சு" என்று எழுதியதையும் ஒன்றாகக் கண்டார். உடனே எழுதினார்: "உறவுகளே, எங்கட பெடியனுக்கு விழுற அடி எங்களுக்கு விழுது."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கனகேஸ்வரி ரீச்சர் மட்டும் குலவீரசிங்கத்துக்குப் போன் எடுத்து ஒரு கேள்வி கேட்டார்.

"அவன் கனக்கக் கோல் போடுறவனோ?"

"இல்லை ரீச்சர். அவன் தடுப்பாட்டக்காரன். மற்றவன் கோல் போடாமல் உடம்பைக் குடுத்து மறிக்கிறவன்."

"ஓ," என்றார் ரீச்சர். "அப்ப இன்னும் விழும்."

நிரூபன் கள்ளியந்துறையை ஒருநாளும் கண்டதில்லை. அவனுடைய தாய் இராசமலர் அவனை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் கனடாவுக்கு வந்து சேர்ந்தாள்; பின்னால் வருகிறேன் என்ற தகப்பன் வன்னியில் காணாமல் போனவர் போனவர்தான். கோழி இறைச்சி பொதி பண்ணும் குளிர்த் தொழிற்சாலையில் விரல் விறைக்க நின்று, யாரோ வெள்ளைக்காரப் பிள்ளை காலுக்குச் சிறிதாகிவிட்டது என்று விற்ற சறுக்குச் சப்பாத்தை வாங்கி, அதற்குள் பஞ்சு அடைத்து மகனின் காலில் மாட்டிவிட்டாள் அவள். அப்போது சங்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "உது வெள்ளையளின்ர விளையாட்டு தங்கச்சி, பெடியனை ரியூசனுக்கு விடு," என்று முதலில் சொன்னவர் குலவீரசிங்கம்தான். பெடியன் உயரமாக, கனமாக, கொஞ்சம் மெதுவாக இருந்தான். பயிற்சியாளர்கள் அவனைப் பார்த்தவுடன் பின்வரிசையில் நிறுத்தினார்கள், அழகாக ஓடி வளைத்து அடிப்பவர்கள் முன்னால் போக, அவர்கள் தவறவிட்டதையெல்லாம் உடம்பால் வாங்குவதற்கு. சின்னச் சின்ன நகரங்களின் சின்னச் சின்ன அணிகளில், பஸ்ஸில் முறிந்து மடங்கித் தூங்கி, மூக்கு இரண்டு தடவை உடைந்து, விரல்கள் கோணி, அவன் வளர்ந்தான். அந்த நோவெல்லாம் அவனுக்கே நொந்தது. அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இராசமலர் ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி அவனுடைய முகத்தில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள், வேறு யாரும் இருக்கவில்லை.

பெரிய அணி அவனை அழைத்த பிறகுதான் அடிகள் கள்ளியந்துறைக்குப் போகத் தொடங்கின.

கள்ளியந்துறை அதை மழைக்காலத்தை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. ஆட்டம் ரொறன்ரோ நேரம் மாலையில் என்றால் ஊரில் அது விடியற்காலை. ஆட்டமுள்ள விடியல்களில் ஒருவரும் பனை ஏறவில்லை, கட்டுமரம் கடலுக்குப் போகவில்லை, கொதிக்கிற சோற்றை வடிக்கிற வேலையைப் பெண்கள் தள்ளிப்போட்டார்கள், சலூன்காரர் கத்தியைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையைப் பாய் விரித்து இருந்தபடி சொன்னார்கள். கூட்டுறவுக் கடையில் நோவுக்குப் பூசும் சித்தாலேபக் குப்பிகள் அடுக்கடுக்காக வந்து இறங்கின. அடி விழுந்தவருக்குச் சந்திக் கடையில் பிளேன்ரீ, பாலில்லாத தேத்தண்ணி, காசில்லாமல் கிடைத்தது. அவர் சேட்டைக் கழற்றிக் காயத்தைக் காட்ட, சுற்றி நின்றவர்கள், "இது மூன்றாம் கட்டத்தில விழுந்தது, இது விழாட்டில் கோல் போயிருக்கும்," என்று விளக்கம் சொன்னார்கள். கலியாணம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு அடி விழுந்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். பக்கத்து ஊர் இளைஞர்கள் பொறாமையில் கத்தரிக்காய்த் தோலைத் தேய்த்து முழங்காலில் வட்டம் போட்டுக்கொண்டு வந்து பிளேன்ரீ கேட்டுப் பிடிபட்டார்கள். ரொறன்ரோவில் சங்கம் ஒரு பெரிய பதாகை அடித்தது. நிரூபனின் படம், அதன் கீழே 'நாம் தாங்குவோம்' என்ற வாசகம். குலவீரசிங்கத்துக்கு ஒரே ஒரு அடி, அதுவும் சின்னி விரலில், விழுந்திருந்தது. அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் மேடை மேடையாகப் பேசினார்.

நிரூபனுக்கு இதில் எதுவும் தெரியாது. "பெடியனுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் விளையாட்டுக் குழம்பிப்போகும்," என்று சங்கம் முடிவெடுத்து, அதை இராசமலரின் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனது.

அவளுக்கு ஒரு அடியும் விழவில்லை. ஊரில் பிறந்தவள், ஊரின் நிலத்தில் தன் தகப்பனைப் புதைத்துவிட்டு வந்தவள், அவனைப் பெற்றவள், அவளுக்கு விழவில்லை. ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் ரீவிக்கு முன்னால், போர்த்தியிருந்த சால்வையை எடுத்து எறிந்துவிட்டு, வா, இங்கே வா என்று உடம்பைக் காட்டிக்கொண்டு இருந்தாள். பக் அவனுடைய இடுப்பில் மோதும், அவளுடைய இடுப்பு சும்மா இருக்கும், கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும், யாரோ ஒருத்தி மட்டக்குளியிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ, "மலரக்கா, இண்டைக்கு எனக்கு," என்று பெருமையோடு சொல்வாள். போனை வைத்துவிட்டு இராசமலர் எறிந்த சால்வையைக் காலால் எத்துவாள். தன்னுடைய பிள்ளையின் நோவை ஊரெல்லாம் பந்தி வைத்துப் பரிமாறிவிட்டுத் தன்னை மட்டும் வாசலில் நிற்பாட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அணிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். எத்தனை அடி வாங்கினாலும் இவனுடைய தோலில் ஒரு கீறலும் இல்லை என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து அவர்கள் அவனைப் பாவிக்கத் தொடங்கினார்கள். எதிரணியின் மிகப் பெரிய அடிகாரன் மட்டையை ஓங்கும் இடமெல்லாம் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சண்டை பிடிக்க ஆள் தேவைப்பட்டபோது அவனைத்தான் இறக்கினார்கள். அந்த விளையாட்டில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் குத்திக்கொள்வதும் ஆட்டத்தின் பகுதி, சனம் எழும்பி நின்று அதற்குத்தான் அதிகம் கை தட்டும். நிரூபன் இரும்பு மனிதன் என்று பேர் எடுத்தான். அவனுடைய இலக்கம் போட்ட சட்டைகள் விற்றன. ஒரு குத்தில் பாரிஸில் ஜெயசோதியின் முன்பற்கள் மூன்று பறந்தன. இன்னொன்றில் கனகேஸ்வரி ரீச்சரின் காறை எலும்பு தெறித்தது. பிளேன்ரீக் கடையில் இப்போது விளக்கம் சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆனாலும் சங்கத்தின் பதாகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

தவேந்திரன் என்று ஒருவன் ஊரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். போரின் கடைசிச் சண்டையில் வலது காலை இழந்தவன், மற்றக் காலில் நின்று சில்லுக்குக் காற்றடிப்பவன். மாசி மாதத்தில் ஒரு காலை, எதிரணிக்காரன் ஒருவன் மட்டையால் நிரூபனின் இடது முழங்காலுக்குக் குறுக்கே ஓங்கி வெட்டினான். தவேந்திரனின் முழங்கால் சிரட்டை, நின்ற நிலையில், இரண்டாகப் பிளந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவன் இராசமலருக்குப் போன் எடுத்தான்.

"மலரக்கா, உங்கட மகனோட நான் கதைக்க வேணும்."

"அவனுக்குத் தெரியாது, தவேந்திரன்."

"தெரியாதோ? எல்லாரும் ஊரைக் கூட்டி மேடை போட்டுப் பேசுறியள், அவனுக்கு மட்டும் தெரியாதோ? ஒரு காலைச் சண்டை எடுத்தது. அப்பவும் என்னை ஒருத்தரும் கேட்கேல்லை. இப்ப மற்றக் காலையும் எடுத்துப்போட்டுப் பெருமைப்படு எண்டு சொல்லினம். குலவீரசிங்கம் போன் எடுத்து 'ஊருக்காகத் தாங்கு தம்பி' எண்டு சொல்லுறார். ஊர் எண்டால் ஆரக்கா? நான் ஊர் இல்லையோ? எனக்காக ஒருத்தனும் ஒண்டும் தாங்கமாட்டானோ?"

இராசமலர் போனை வைத்தாள், குளிர்ச் சட்டையை மாட்டினாள், வேலைக்கு வரவில்லை என்று சொன்னாள், மகன் விளையாடும் நகரத்துக்குப் பஸ் ஏறினாள்.

பனித்தளத்துக்குப் பின்னால், கார்கள் நிற்கும் இடத்தில், பயிற்சி முடிந்து ஈரத் தலையோடு வந்த மகனை மறித்து, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் போனில் இருந்த படங்களைக் காட்டினாள், ரீச்சரின் கணுக்கால், ஜெயசோதியின் வாய், கடைசியாகத் தவேந்திரனின் காலும் கால் இருந்த இடமும். நிரூபன் ஒவ்வொன்றையும் பார்த்தான். ஒவ்வோர் அடியும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. எந்த ஆட்டம், எவனுடைய அடி என்று அவனால் சொல்ல முடிந்தது.

"எனக்கு நோகேல்லையம்மா," என்றான் மெதுவாக. "நான் நினைச்சன்... நான் கடைசியா நல்ல விளையாட்டுக்காரனா வந்திட்டன் எண்டு."

"தெரியும் அப்பு."

"ஏனம்மா சொல்லேல்லை?"

"சொல்லாதை எண்டு ஊர் சொன்னது," என்றாள். சொல்லும்போதே அந்தச் சொல் வாயில் கசந்து, காறி நிலத்தில் துப்பினாள்.

மறுநாள் அவன் மனேஜர் டொனலியிடம் போய், இனி ஆட்டத்தில் ஓடுவேன், பக்கைத் தட்டிப் பறிப்பேன், ஆனால் உடம்பைக் கொடுத்து மறிக்க மாட்டேன், சண்டையும் பிடிக்க மாட்டேன் என்று சொன்னான்.

"அப்படியென்றால் நீ எதற்கு?" என்று டொனலி கேட்டார்.

அவன் சொன்னதை அவர் நம்பவில்லை, அடுத்த ஆட்டத்தில் அவனை முதல் ஆளாக இறக்கினார். அது கிண்ணத்துக்கான சுற்று. அரங்கு நிரம்பி வழிந்தது. எதிரணியின் அடிகாரன் பனியில் போட்ட நீலக் கோட்டைத் தாண்டி வந்து மட்டையை ஓங்கினான், வழியில் நிரூபன் நின்றான், வழமைபோல ஒரு முழங்காலை மடித்தான், பிறகு எழும்பி விலகினான். பக் அவன் நின்ற காற்றைக் கிழித்துக்கொண்டு வலைக்குள் போனது. இரண்டாவது தடவையும் விலகினான். கோல் காப்பாளன் முகமூடியைத் தூக்கி அவனைத் தூஷணத்தால் ஏசினான். மூன்றாவது தடவை அவன் விலகியபோது சொந்த அரங்கே எழும்பி நின்று ஊளையிட்டது, அவன் பிறந்த நாட்டுக்கே திரும்பிப் போகும்படி அந்த நாட்டிலேயே பிறந்தவனைப் பார்த்துக் கத்தினார்கள், அவனுடைய இலக்கம் போட்ட சட்டைகளைக் கழற்றிப் பனியில் எறிந்தார்கள். கோச் அவனைச் சண்டைக்குப் போகச் சொல்லித் தள்ளினார். நிரூபன் கையுறையைக் கழற்றினான், அரங்கம் ஆவலோடு அடங்கியது, அவன் கையுறைகளைக் கோச்சின் கையில் வைத்துவிட்டு உடுப்பு மாற்றும் அறைக்குப் போய்விட்டான்.

அணி அவனை வெளியே விட்டது. பத்திரிகைகள் கோழை என்று எழுதின. அதை அவன் எதிர்பார்த்திருந்தான். எதிர்பாராதது கள்ளியந்துறையின் கோபம்.

"ஆர் உன்னை விலத்தச் சொன்னது?" என்று கேட்டார்கள். "நாங்கள் தாங்கினதெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டார்கள். அடி நின்றதும் ஊருக்கு ஏதோ பறிபோனது போலாகிவிட்டது. விடியலில் மரம் ஏறப் போனவர்கள் ஏறாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சங்கம் ரொறன்ரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் அவசரக் கூட்டம் போட்டது, ஊரும் பாரிஸும் லண்டனும் ஒஸ்லோவும் பெரிய திரையில் இணைந்தன. நிரூபன் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் விளையாட வேண்டும், பழையபடி மறிக்க வேண்டும், இது ஊரின் மானம் என்று குலவீரசிங்கம் தீர்மானத்தை வாசித்தார். திரையிலிருந்து ஜெயசோதி, பல் இல்லாத வாயால், "என்ர பல்லுக்கு ஆர் பதில் சொல்லுறது? அவன் கிண்ணம் எடுத்தால் நான் அதுக்காகப் போனது எண்டு சொல்லுவன். இப்ப என்ன சொல்ல?" என்று கேட்டான். பலர் தலையாட்டினார்கள்.

இராசமலர் கடைசி வரிசையிலிருந்து எழும்பி வந்து ஒலிவாங்கியைக் குலவீரசிங்கத்தின் கையிலிருந்து பிடுங்கினாள்.

"எங்கட பெடியன், எங்கட பெடியன் எண்டு சொல்லுறியள். இவன்ர மூக்கு முதல்தரம் உடைஞ்ச அண்டைக்கு இந்தப் பெடியன் ஆரின்ர பெடியன்? ரத்தத்தோட நான் பஸ்ஸில கொண்டு போனன். குலவீரசிங்கண்ணை, உங்கட கார் எங்கட வாசலைத் தாண்டித்தான் போனது. ரீவியில வந்தாப் பிறகு எங்கட பெடியன். ஷெல் விழேக்க ஒருத்தரும் எங்களைக் கேட்கேல்லை எண்டு நீங்கள்தானே முப்பது வருசமா அழுதனீங்கள்? தவேந்திரனை நீங்கள் கேட்டனீங்களோ? ரீச்சரைக் கேட்டனீங்களோ? என்ர பிள்ளையைக் கேட்டனீங்களோ? அடி எங்கேயிருந்தோ வந்தது, சரி. அதுக்குப் பதாகை கட்டினது நீங்கள். அது என்ர பிள்ளையின்ர நோ. அவனும் நானும் பட வேண்டிய நோ. திருப்பித் தாங்கோ!"

"தங்கச்சி, இது உணர்ச்சிவசப்படுற விஷயம் இல்லை..."

"விரலைக் கீழ விடுங்கோ!" என்று அவள் கத்தினாள். குலவீரசிங்கம் அப்போதுதான் தன் சின்னி விரல் உயர்ந்திருப்பதைக் கண்டார்.

திரையில் கனகேஸ்வரி ரீச்சர், கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்ட கையோடு, கமராவுக்குக் கிட்ட வந்தார். "நான் திருப்பித் தாறன், பிள்ளை," என்றார். ஒஸ்லோக்காரியும் அதே சொல்லைச் சொல்லித் தந்தாள். லண்டன்காரன் தந்தான். ஊரில் பாடசாலை மண்டபத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு, சிலர் வேண்டா வெறுப்பாக, ஒருவர் பின் ஒருவராகத் தந்தார்கள். தவேந்திரன், "நான் ஒருநாளும் வாங்கேல்லை, எனக்குத் திருப்பித் தர ஒண்டும் இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தான். ஜெயசோதி தரமாட்டேன் என்றான். "நான் பட்டது எனக்குச் சொந்தம்," என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டான். அவனை ஒருவரும் வற்புறுத்தவில்லை.

நிரூபனை வடக்கே ஒரு சுரங்க நகரத்துச் சின்ன அணி எடுத்தது. பழைய பஸ், பழைய பனித்தளம், பாதி வெறுமையான இருக்கைகள். முதல் ஆட்டத்துக்கு இராசமலர் போயிருந்தாள்; ஊர் அவனுடைய நோவைத் திருப்பித் தந்துவிட்டது என்று அவனுக்குச் சொல்லியிருந்தாள். கள்ளியந்துறையில் விடிந்துகொண்டிருந்தது, பார்க்க மாட்டோம் என்று சொன்னவர்களெல்லாம் போனைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாம் கட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் ஓங்கி அடிக்க, நிரூபன் வழியில் போய் விழுந்தான். பக் அவனுடைய வலது பாதத்தில் மோதிய சத்தம் மேல் இருக்கை வரை கேட்டது. அவன் கத்தினான். பெரிய அணியில் அவன் ஒருநாளும் கத்தியதில்லை. இராசமலர் குனிந்து தன்னுடைய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், அதில் ஒன்றும் இல்லை. இப்போதும் தனக்கு இல்லை என்று கண்டதும் கண்ணாடித் தடுப்பில் ஓங்கிக் குத்தினாள்.

ஆட்டம் நிற்கவில்லை. பக் இன்னும் எதிரணியின் கையில்தான் இருந்தது. நிரூபன் மட்டையை ஊன்றி எழும்பினான், உடைந்த பாதத்தைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் சறுக்கி, கோல் வாசலுக்கு முன்னால் போய் மறுபடியும் நின்றான். எதிரணிக்காரன் மறுபடியும் மட்டையை ஓங்கினான்.

கள்ளியந்துறையில் ஒருவருக்கும் எங்கும் நோகவில்லை. ஆனாலும் ஒருவராலும் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. சைக்கிள் கடைக்குள், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, தவேந்திரன் போனை முகத்துக்கு நேரே பிடித்துக் கத்தினான்.

"விலத்தடா! டேய், விசரா, விலத்தடா! ஆருக்காகவடா நிக்கிறாய், விலத்து!"

நிரூபன் விலத்தவில்லை.